ஆயிரத்துக்கு எழுநூற்று எண்பத்தாறு

எங்கள் பசுவின் பெயர் மெட்ராசு. நாங்கள் வைத்த பெயர் அல்ல, எங்கள் லயத்து வரிசை வீட்டு ஆட்கள் வைத்தது. அப்பா மெட்ராசுக்குப் போய்ப் பந்தயத்தில் ஜெயித்த பணத்தில் அதை வாங்கினோம். அது வந்த அன்று அடுத்த காம்பராவில் குடியிருக்கும் வேலாயி அக்கா வாசலில் நின்று, "அடியே, மெட்ராசு வந்திருச்சு, வந்து பாருங்கடி" என்று கத்தினாள். அதோடு அதுவே பெயராகிவிட்டது. மேட்டிலிருந்து அம்மா ஒரு தடவை கூப்பிட்டால் போதும், எந்தத் தண்ணீர்க் கான் ஓரத்தில் மேய்ந்தாலும் தலையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும்.

ஒரு வருஷம் கழித்து, இனி யாரும் அதை அந்தப் பெயரால் கூப்பிடக் கூடாது என்றார் செல்லசாமி மாமா. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் அப்பாவின் வேலையிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்பா பெயர் அழகுமுத்து. அம்மா சிலோன் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுக்கிறாள். அப்பாவுக்குத் தோட்டத்தில் வேலை இல்லை. அவர் லிந்துலை ரோட்டில் இருக்கும் துரைமார் கிளப்பில் பில்லியட் மார்க்கர். பச்சைத் துணி விரித்த பெரிய மேசையில் மூன்று பந்துகளை நீண்ட தடியால் அடிக்கும் விளையாட்டு அது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு தடவை அந்த அறையை எட்டிப் பார்த்திருக்கிறேன். எங்கள் காம்பராவுக்குள் அந்த மேசையை வைத்தால் நாங்கள் வெளியேதான் படுக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பனியில் மேசைத் துணி ஈரம் கோத்துவிடும், பந்து ஓடாது. அதனால் அப்பா தினமும் கரி அடுப்பில் ஒரு கனமான இரும்பைச் சூடாக்கி அந்தத் துணியைத் தேய்ப்பார்.

"வீட்டுத் துணிய ஒருநாளாச்சும் தேச்சிருக்காரா, கேளு" என்பாள் அம்மா.

துரைமார் விளையாடும்போது மார்க்கர் சுவரோரம் நின்று எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஆள் கிடைக்காத துரைக்கு எதிராக விளையாடவும் வேண்டும். ஆனாலும் முக்கியம் எண்ணிக்கைதான். யார் தப்பாகச் சொன்னாலும் மார்க்கர் திருத்தியாக வேண்டும். ஒரு நாள் குடித்திருந்த துரை ஒருவர் தன் எண்ணிக்கை ஐம்பத்தொன்று என்றாராம். அப்பா, "நாப்பத்தொம்பது சார்" என்றாராம். துரை தடி நுனியில் தேய்க்கும் சாக்கட்டியை எடுத்து அப்பாவின் நெஞ்சில் எறிந்தார். அப்பா குனிந்து அதை எடுத்து மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, அதே குரலில் மறுபடியும், "நாப்பத்தொம்பது சார்" என்றார். இது அப்பா சொன்னது அல்ல. கிளப் சமையல்காரர் சொல்லித் தோட்டம் முழுக்கத் தெரியும்.

துரைமாரின் பந்தயங்களில் மார்க்கர் சேர முடியாது. விளையாட்டுக்குக் கூலி வாங்குகிறவன் என்று ஒதுக்கிவிடுவார்கள். மெட்ராசில் நடந்தது மார்க்கர்மாருக்கென்றே வைத்த பந்தயம். கிளப் செக்ரட்டரி துரை அங்கேயிருந்த சிநேகிதருக்கு எழுதி அப்பாவின் பெயரைச் சேர்த்துவிட்டார். 1956ஆம் வருஷம் ஜனவரி ஐந்தாம் திகதி அப்பா தலவாக்கலையில் ரயில் ஏறினார். தலைமன்னாரில் கப்பல். இருபத்தேழாம் திகதி திரும்பி வந்தார். இரண்டு திகதிகளும் என் நோட்டுக் கொப்பியில் இருக்கின்றன. போன நாளும் வந்த நாளும் சேர்த்து இருபத்து மூன்று நாள். அதில் ஆறு நாள் திரும்பும் வழியில் மண்டபம் கேம்பில், கொள்ளை நோய் எதுவும் இல்லை என்று காட்டுவதற்காக அடைந்து கிடந்தது.

கடைசி ஆட்டத்தில் கல்கத்தா மார்க்கர் ஒருவரை ஆயிரத்துக்கு எழுநூற்று எண்பத்தாறு என்று ஜெயித்தார். பரிசு ஆயிரம் ரூபாய். செக்ரட்டரி துரையின் பேங்க் வழியாகக் கைக்கு வந்தது எழுநூறு. மீதியை வரியென்று அங்கேயே பிடித்துக்கொண்டார்கள். வெளிநாட்டுக்காரன் சம்பாதித்தால் கொடுக்கும்போதே பிடித்துவிடுவார்களாம்.

அம்மாவுக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. "இங்க நம்மள இந்தியாக்காரன்கிறாங்க. அங்க போனா சிலோன்காரன்னு வெட்டிக்கிறாங்க. நடுக்கடல்ல விளையாடியிருந்தா முழுசாக் கெடைச்சிருக்கும்."

"கப்பல்ல மேசை ஆடும் புள்ள" என்றார் அப்பா.

அந்தப் பணத்தில் பசு வந்தது. அப்பாவுக்குக் கொடுத்த பத்திரம் கண்ணாடிச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஏறியது.

ஆறு மாதம் கழித்து வேறொரு கடுதாசி வந்தது. அது பிரஜாவுரிமைக் கந்தோரிலிருந்து, குடியுரிமை கொடுக்கும் ஆபீசிலிருந்து. 1951இல் அப்பா பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருந்தார். அப்பா, அம்மா, நான், தங்கச்சி நாலு பேருக்கும் சேர்த்து ஒரே மனு. அது தள்ளப்பட்டால் நாங்கள் எந்த நாட்டு ஆளும் இல்லை. எப்போது வேண்டுமானாலும் கப்பலேற்றலாம். ஐந்து வருஷம் கிடந்த மனுவுக்கு இப்போது ஒரு கேள்வி வந்திருந்தது. மனுப் போட்ட பிறகு நாட்டை விட்டு வெளியே போனதுண்டா? எப்போது? எத்தனை நாள்?

அந்தக் கந்தோருக்குப் பதில் சொல்ல எங்கள் தோட்டத்தில் ஒரு முறை இருந்தது. அம்மாவின் அண்ணன் செல்லசாமி மாமாதான் தோட்டத்துச் சங்கத் தலைவர். அவர் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எல்லாரையும் நிறுத்திவைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

"இந்தியாவுல காணி இருக்கா? இல்ல. பணம் அனுப்புனியா? இல்ல. போனியா? இல்ல. எது கேட்டாலும் இல்ல. தலைய ஆட்டுறப்போ கூடப் பாத்து ஆட்டணும்."

பிள்ளைகள் இதைப் பாட்டாகவே பாடிக்கொண்டு திரிந்தார்கள். சோறு தின்னியா என்று கேட்டாலும் "இல்ல" என்பார்கள்.

அப்பாவுக்கு மனம் வரவில்லை. "பயணக் கடுதாசியில சீல் குத்தியிருக்கே மச்சான்."

"அது ஒரு கந்தோரு, இது ஒரு கந்தோரு. இவன் போயி அவன்கிட்டக் கேக்கப் போறானா?" என்றார் மாமா. "மேட்டு லயத்துப் பொன்னையாவுக்கு என்னாச்சு? தங்கச்சி கல்யாணத்துக்குன்னு ஒரு மாசம் இந்தியாவுக்குப் போனான். மனுவத் தள்ளிட்டாங்கள்ல? உங்களுக்கும் அதான் வேணுமா?"

பதில் எழுத வேண்டியவள் நான். தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன் என்றாலும், எங்கள் லயத்தில் தமிழ் எழுத்து அழகாக வருவது எனக்குத்தான். அப்பாவுக்குத் தமிழ் வாசிக்க வராது. கிளப்பில் பழகிய இங்கிலீஷில் கையெழுத்து மட்டும் போடுவார். மாமாவுக்கு வெள்ளெழுத்து. கண்ணாடி வாங்க வேண்டும் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"போகல்லைன்னு எழுது வீரம்மா" என்றார் மாமா. நான் தலையை ஆட்டினேன்.

எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. அப்பாவின் பயணக் கடுதாசி பக்கத்தில் கிடந்தது. தலைமன்னார் முத்திரை நீலமாக, திகதியோடு தெரிந்தது. முத்திரை குத்தினவர்களே கேட்கிறார்கள், அவர்களிடம் இல்லை என்று எப்படி எழுதுவது? 'போனேன். 1956 ஜனவரி 5 முதல் 27 வரை, இருபத்து மூன்று நாள். பில்லியட் பந்தயத்துக்காக' என்று எழுதினேன். அப்பா கையெழுத்துப் போட்டார். மாமா உறையிலிட்டு நாக்கால் நனைத்து ஒட்டினார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு தபால் பை வரும் நாளெல்லாம் நான்தான் முதல் ஆளாக ஓடிப்போய் நிற்பேன். மாமா சொன்னதுதான் சரி என்றால், எங்கள் நாலு பேரையும் நானே கப்பலேற்றிவிட்டேன்.

ஏழு மாதம் கழித்து, 1957 பெப்ரவரியில், நீளமான காக்கி உறை ஒன்று வந்தது. உள்ளே முழுக்க இங்கிலீஷ். ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு லிந்துலைக்குப் போனார். அங்கே சரிபுதீன் நானா, முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், துணிக்கடை வைத்திருக்கிறார். மெட்ராசிலிருந்து சரக்கு எடுப்பவர். அரசாங்கக் கடுதாசி வந்தால் எல்லாரும் அவரிடம்தான் போவார்கள்.

நானா வாசித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக அப்பாவைப் பார்த்தார். "மார்க்கர், நீங்க பெரிய ஆளாயிட்டீங்க. கண்டி வருமான வரிக் கந்தோர்ல இருந்து கூப்பிட்டிரிக்கி. எனக்கு மட்டுந்தான் இந்தப் பாக்கியம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

அப்பா சிரிக்கவில்லை. "என்னவாம் நானா?"

"மெட்ராசில பரிசுப் பணம் ஒண்டு வந்திரிக்கி, செக்ரட்டரி தொரைட பேங்க் வழியா. மார்க்கர் அழகுமுத்துன்னு பேர் போட்டிரிக்கி. அது நீங்கதானான்னு கேக்குறாங்க. பதினாலாம் திகதி நேர்ல வரட்டாம்."

"வரிதான் அங்கேயே பிடிச்சிட்டாங்களே!"

"அங்க பிடிச்சது அந்த மண்ணுல சம்பாதிச்சதுக்கு. இங்க கேக்குறது நீங்க இந்த மண்ணுல குடியிரிக்கிறதுக்கு. குடியிரிக்கிறவன் எங்க சம்பாதிச்சாலும் இங்க கணக்குச் செல்லணும்."

"ஒரே பந்த ரெண்டு பேரு ரெண்டு பக்கமா அடிக்கிறதா?"

நானா தொடையில் தட்டிச் சிரித்தார். "அப்படி அடிக்காம இரிக்கத்தான் ரெண்டு அரசாங்கமும் பேசி ஒரு ஏற்பாடு வச்சிரிக்கி. எனக்கும் அதுதான் கைகொடுக்குது. பயப்படாம போங்க. உள்ளதச் செல்லுங்க."

"உள்ளதச் சொல்ல ஏலாது நானா." அப்பா கடை வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். பிரஜாவுரிமைக் கந்தோருக்கு 'போகவில்லை' என்று எழுதிக் கொடுத்ததைச் சொன்னார். பொன்னையா கதையையும் சொன்னார்.

நானா கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார். "பொன்னையாட கடுதாசிய வாசிச்சுச் சொன்னதே நான்தான் மார்க்கர். அவன் போனதுக்காகத் தள்ளல்ல. ஒரு மாசம் ரெண்டு மாசம் போனா ஒரு பிசகும் இல்ல. போயிட்டுப் போகல்லைன்னு சாதிச்சிரிக்கான். பொய் செல்றவன்ட வார்த்தைய நம்ப ஏலாதுன்னு தள்ளிட்டாங்க. வெக்கத்துல உங்க ஆளுங்ககிட்ட அவன் செல்லியிரிக்க மாட்டான்."

அப்பா கடுதாசியை எடுத்து உறைக்குள் திரும்ப வைத்தார்.

"அப்ப நானும் பொன்னையாதான்" என்றார். "போனேன்னு கண்டியில ஒத்துக்கிட்டா, அந்தப் பேப்பர் நாளைக்கு இவங்க கைக்குப் போகும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்பாங்க. அதோட முடிஞ்சிச்சு. புள்ளைங்களையும் சேத்துத் தள்ளிருவாங்க."

"என்ன செய்யப் போறீங்க?"

"அந்த அழகுமுத்து நான் இல்லைன்னு சொல்லப் போறேன். செக்ரட்டரி தொரையும் சீமைக்குப் போயிட்டாரு. யாரு வந்து சாட்சி சொல்லப் போறா?"

நான் துணி மூட்டைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். 'அப்பா, நான் அப்படி எழுதல்ல.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. எனக்குள் அது தெளிவாக, வரிசையாக நின்றது. வாய்க்கு வரவில்லை. சொன்னால் சொன்ன பேச்சைக் கேட்காதவள் என்பது வெளியாகும், மாமா முன்னால் நிறுத்துவார்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நானா ஒரு பிடி கல்கண்டை என் கையில் கொட்டினார். வீடு வரும்வரை அதைத் தின்னவில்லை, கையெல்லாம் ஒட்டிக்கொண்டது.

அன்று மாலைதான் மாமா வந்து பசுவின் பெயரை மாற்றச் சொன்னார்.

"தோட்டமே மெட்ராசு மெட்ராசுன்னு கூவிக்கிட்டிருக்கு. எவனாச்சும் விசாரிக்க வந்தா என்ன ஆகும்? இன்னையிலிருந்து லெச்சுமி."

"பசு ஒத்துக்கணுமேண்ணே" என்றாள் அம்மா.

பசு ஒத்துக்கொள்ளவில்லை. அம்மா மேட்டில் நின்று லெச்சுமி லெச்சுமி என்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். அது வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது போலப் புல்லைத் தின்றுகொண்டிருந்தது. வேலாயி அக்கா, "மெட்ரா... சீ, லெச்சு... இந்தா மாடு!" என்று கத்திவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில் தினமும் நான் போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்து வந்தேன்.

சுவரிலிருந்த பத்திரத்தை அப்பாவே இறக்கினார். அரிசித் தகரத்துக்குள் வைப்பதற்கு முன் தோளில் கிடந்த துண்டால் கண்ணாடியைத் துடைத்தார். கிளப்பில் பந்துகளைப் பெட்டிக்குள் வைக்கும்போது துடைப்பாரே, அதே மாதிரி. அதைப் பார்த்த பிறகும் நான் சொல்லவில்லை.

பதினாலாம் திகதி விடியற்கால ரயிலில் கண்டிக்குப் புறப்பட்டோம். பெயர்ப் பலகைகளை வாசிக்க ஆள் வேண்டும் என்று அம்மா என்னைக் கூட அனுப்பினாள். அப்பா கிளப்பில் போடும் வெள்ளைக் கோட்டைப் போட்டிருந்தார். ஜன்னல் பக்கம் திரும்பி, சிங்களத்தில் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்ப முணுமுணுத்துக்கொண்டு வந்தார். "ஏ அழகுமுத்து மம நெவெய் மாத்தயா." அந்த அழகுமுத்து நான் இல்லை ஐயா.

ஹட்டன் வந்ததும் சொல்லிவிடுவது என்று நினைத்தேன். ஹட்டனில் ஒரு கூட்டம் ஏறி எங்களை நெருக்கியது. சரி, வட்டவளையில் சொல்லலாம் என்றிருந்தேன். வட்டவளையில் பனி இறங்கி வெளியே ஒன்றும் தெரியவில்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். நாவலப்பிட்டியும் போய்விட்டது.

வரிக் கந்தோரில் எங்களைக் கூப்பிட்டவர் மெலிந்த சிங்கள மாத்தயா ஒருவர். மேசை மேலே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவரும் அப்பாவும் சிங்களத்தில் பேசினார்கள். எனக்கு விளங்கியதை எழுதுகிறேன்.

"மெட்ராஸ் பந்தயத்துல ஜெயிச்ச அழகுமுத்து நீங்கதானே?"

அப்பா எழுந்து நின்றார். ரயிலில் பழகிய வசனத்தைச் சொன்னார். சரியாகச் சொன்னார், ஒரு சொல்லும் தவறவில்லை. ஆனால் அது அப்பாவின் குரல் இல்லை. சந்தையில் களவு எடுத்துப் பிடிபட்டவன் குரல் போல இருந்தது.

மாத்தயா கோபப்படவில்லை. "சரி. அப்போ இது வேற யாரோ. அங்கேயிருந்து வந்த கடுதாசிய வாசிக்கிறேன், கேளுங்க. ஜெயிச்சவர் சிலோன் அழகுமுத்து. ஆயிரத்துக்கு எண்ணூத்தி எழுபத்தாறு..."

"எழுநூத்தி எண்பத்தாறு மாத்தயா" என்றார் அப்பா.

சுவரோரம் நின்று சொல்லும் குரல் அது. சாக்கட்டி எறிந்த துரையிடம் சொன்ன குரல் அதுவாகத்தான் இருக்கும். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அப்பாவுக்கு உறைத்தது. கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

மாத்தயா பேனாவை வைத்தார். கடுதாசியைக் கண்ணருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். "டைப் அடிச்சவர் இலக்கத்த மாத்திப் போட்டுட்டார் போல" என்றார். அவருடைய வாய் ஓரம் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது. "இப்ப சொல்லுங்க. அந்த எழுநூத்தி எண்பத்தாறு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அப்பா உடைந்துபோனார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மனுவை, மாமாவை, பொன்னையாவை, எல்லாவற்றையும். "நான்தான் மாத்தயா போனேன். வரி எவ்வளவானாலும் பசுவ வித்துக் கட்டுறேன். இந்தப் பேப்பர அந்தக் கந்தோருக்கு மட்டும் அனுப்பிறாதீங்க. அங்க போகல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கேன். புள்ளைங்க பேரும் அதிலதான் இருக்கு."

"அப்பா" என்றேன்.

அப்பாவுக்குக் கேட்கவில்லை. நான் அவருடைய கோட்டு ஓரத்தைப் பிடித்து இழுத்தேன்.

"போகல்லைன்னு எழுதலப்பா. இருபத்து மூணு நாள்னு எழுதினேன்."

"என்னது?"

"போனீங்கன்னுதான்பா எழுதினேன். திகதி போட்டு எழுதினேன். சீல் இருந்திச்சுல்ல..." அதற்கு மேல் எனக்கு வரவில்லை. அழுகைதான் வந்தது.

பிள்ளை என்ன சொல்கிறது என்று மாத்தயா கேட்டார். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாத்தயா பக்கம் திரும்பி முதுகை நிமிர்த்திக்கொண்டார். "இருபத்து மூணு நாள் மாத்தயா" என்றார். எண்ணிக்கை சொல்லும் குரல் திரும்பி வந்துவிட்டது.

மாத்தயா எழுதிக்கொண்டார். "இதுக்கா இவ்வளவு? வருஷத்துல இருபத்து மூணு நாள் அங்க, மிச்ச நாளெல்லாம் இங்க. அப்போ நீங்க இங்க குடியிருக்கிற ஆள். இன்னொரு கேள்வி, யோசிச்சுச் சொல்லுங்க. இந்த விளையாட்டு உங்களுக்குப் பொழுதுபோக்கா, தொழிலா? எப்பவோ ஒரு தடவை அதிர்ஷ்டத்துல வந்த பணம்னா அதை நாங்க கணக்குல சேர்க்கிறதில்ல. தொழில்னா அது வருமானம்."

பொழுதுபோக்கு என்று சொல்லிவிட்டுப் போகலாம் என்று அவர் வழி காட்டுவது எனக்கே விளங்கியது. அப்பாவுக்கும் விளங்கியிருக்கும். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு பொய்தான் அவரால் முடியும் போலிருக்கிறது.

"தொழில்தான் மாத்தயா" என்றார்.

மாத்தயா சிரித்தே விட்டார். அப்பாவின் கிளப் சம்பளத்தையும் பரிசையும் ஒரு தாளில் கூட்டினார். மனைவி, பிள்ளைகள் என்று எதையோ கழித்தார். தாளை அப்பா பக்கம் திருப்பி வைத்தார். வரி வாங்கும் அளவுக்கு அந்தத் தொகை வரவில்லை. ஒரு சதமும் கட்ட வேண்டியதில்லை. மெட்ராசில் பிடித்ததையும் திருப்பிக் கேட்கலாம், அதற்கு இங்கே குடியிருப்பவர், இங்கே கணக்குக் காட்டியவர் என்று தான் ஒரு கடுதாசி தருவதாகச் சொன்னார். பணம் வர நாளாகும் என்றும் சொன்னார்.

அப்பாவுக்கு முந்நூறு ரூபாய் காதில் விழவே இல்லை. "குடியிருக்கிறவன்னு எழுதித் தருவீங்களா மாத்தயா? இந்த நாட்டுலன்னு?"

"ஆமா."

"சீல் வச்சு?"

"சீல் வச்சுத்தான்."

"அத அந்தக் கந்தோருக்கும் காட்டலாமா?"

"சுவத்துல வேணும்னாலும் மாட்டலாம்" என்றார் மாத்தயா.

கண்டி ஸ்டேஷன் கடையில் அப்பா இரண்டு தேத்தண்ணியும் இரண்டு பனிசும் வாங்கினார். தன் பனிசையும் என் பக்கம் தள்ளினார்.

"ஏன் புள்ள எங்கிட்டச் சொல்லல?"

"பயமா இருந்திச்சுப்பா."

"எனக்குந்தான்" என்றார் அப்பா. பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேத்தண்ணி கோட்டில் சிந்தச் சிந்தச் சிரித்தார். பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எண்ணூத்தி எழுபத்தாறாம்! அந்தக் கல்கத்தாக்காரன் கேட்டிருந்தா எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பான்!"

ஜூனில் பிரஜாவுரிமை விசாரணை நடந்தது. நான் எழுதியதையும் கண்டிக் கடுதாசியையும் விசாரணை செய்த ஐயா பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதிலும் இருபத்து மூன்று, இதிலும் இருபத்து மூன்று. மேற்கொண்டு இரண்டு மூன்று கேள்விகள்தான் கேட்டார். ஒக்டோபரில் எங்கள் நாலு பேருக்கும் சர்ட்டிபிகட் வந்தது. மாமா இப்போது கண்ணாடி போட்டிருக்கிறார். பெரட்டுக் களத்தில் நின்றுகொண்டு, "போனியான்னு கேட்டா போனேன்னு சொல்லு, திகதியோட சொல்லு" என்கிறார், ஆரம்பத்திலிருந்தே அதைத்தான் சொல்லிவந்தவர் மாதிரி. பொன்னையாவுக்கு நான் ஒரு அப்பீல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. மெட்ராஸ் முந்நூறு ரூபாயும் வரவில்லை.

ஆனால் எங்களைப் பிடித்திருந்த பயம் விட்டது ஒக்டோபரில் அல்ல, கண்டியிலிருந்து திரும்பிய அன்றே. பொழுது சாயும் நேரத்தில் தோட்டத்து ரோட்டில் ஏறி வந்துகொண்டிருந்தோம். அம்மா கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல் மேட்டில் நின்று, "லெச்சுமி, லெச்சுமி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கூப்பிடுவதை நிறுத்தினாள்.

அப்பா ரோட்டில் நின்று, இரண்டு கையையும் வாயருகில் குவித்து, மலை முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்.

"மெட்ராசு!"

கானுக்கு அந்தப் பக்கம் பசு தலையைத் தூக்கியது. அம்மா கூடையோடு அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். லயத்தில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. "அடியே, மெட்ராசு வந்திருச்சுடி!" என்று வேலாயி அக்கா கத்தினாள்.